கலைப்பிரிவில் படித்துவிட்டு ஜிஐஎஸ் துறைக்குப் போகலாமா? எதை, எங்கே படிப்பது?

களுவாஞ்சிகுடிப் பிள்ளை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். இரண்டு பேருக்காகச் சேர்த்துக் கேட்கிறேன், எனக்கும் என் தம்பிக்கும்.

நான் உயர்தரம் கலைப்பிரிவு, புவியியல் ஒரு பாடம். கிழக்குப் பல்கலைக்கழகத்தில் கலைப்பீடம் கிடைத்திருக்கிறது, கம்பஸ் தொடங்க இன்னும் சில மாதம் இருக்கிறது. எனக்கு ஜிஐஎஸ், அதாவது இடம் சார்ந்த தகவல்களைக் கணினியில் வரைபடமாக்கிப் பார்க்கிற புவியியல் தகவல் முறைமை, படிக்க வேண்டும் என்று ஆசை. வெள்ளம் வந்தால் வாவிக்கு மேற்கே இருக்கிற படுவான்கரையில் எந்தப் பாதை முதலில் மூடும், எந்த வயல் வட்டையில் தண்ணீர் கடைசியாக வடியும் என்று எங்கள் பக்கத்து வயதானவர்கள் அப்படியே சொல்வார்கள். அதையெல்லாம் வரைபடத்தில் போட்டு வைத்தால் பிரதேச செயலகத்துக்கும் உதவும், சனத்துக்கும் உதவும். இதையே தொழிலாகச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள் என்று தெரிந்த நாளிலிருந்து வேறு எதிலும் மனம் போகவில்லை.

இப்போது பிரச்சினை என்னவென்றால் கொழும்பில் ஒரு தனியார் இடத்தில் ஆறு மாத ஜிஐஎஸ் டிப்ளோமா ஒன்று இருக்கிறது, முடித்தால் வேலை நிச்சயம் என்று விளம்பரம் போடுகிறார்கள். கட்டணத்தோடு அங்கே தங்கும் செலவையும் சேர்த்தால் அம்மாவின் நகையை அடகு வைக்க வேண்டி வரும். அப்பா "படிப்புக்குத்தானே, வைப்போம்" என்கிறார். எனக்குத்தான் பயமாக இருக்கிறது. கம்பஸில் புவியியல் படித்தால் போதுமா, அல்லது இந்த டிப்ளோமா இல்லாமல் வேலை கிடைக்காதா?

தம்பி கணிதப் பிரிவு, அடுத்த வருடம் பரீட்சை. அவன் ஒருநாள் சேவயர் ஆகப்போகிறேன் என்கிறான், மறுநாள் ட்ரோன் வாங்கித் தா, ஜிஐஎஸ் செய்யப்போகிறேன் என்கிறான். இரண்டும் ஒன்றா, வேறா? வீட்டில் இருப்பது 4 ஜிபி ரேம் உள்ள பழைய லப்டொப் ஒன்று. அதில் இந்த வேலை ஓடுமா? தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுங்கள்.


சங்கிலியும் மட்டமும் எழுதியது:

தங்கச்சி, தம்பியின் விஷயத்தை முதலில் எடுக்கிறேன், ஏனென்றால் அது எனக்கு நன்றாகத் தெரிந்த விஷயம். அம்பாறைப் பக்கம் நில அளவை வேலை செய்கிறேன்.

இரண்டும் பக்கத்துப் பக்கத்துத் தொழில், ஆனால் ஒன்றல்ல. உறுதி முடிக்கிறதுக்கும் காணி பிரிக்கிறதுக்கும் போடுகிற பிளானில் கையெழுத்து வைக்க 2002ஆம் ஆண்டின் 17ஆம் இலக்க நில அளவைச் சட்டத்தின் கீழ் பதிவு வேண்டும், அதோடு ஒவ்வொரு வருடமும் தொழில் செய்வதற்கான அனுமதிப்பத்திரமும் வேண்டும். ஜிஐஎஸ்ஸில் எத்தனை சான்றிதழ் வாங்கினாலும் அந்தக் கையெழுத்து வராது. இதைத் தெளிவாகச் சொல்லாமல் "சேவயிங் அண்ட் ஜிஐஎஸ்" என்று ஒரே பெயரில் கோர்ஸ் நடத்துகிற இடங்கள் இருக்கின்றன. சேர்ந்து முடித்த பிறகுதான் பிள்ளைகளுக்கு விளங்குகிறது, நாம் சேவயர் இல்லை என்று. அந்தப் பிள்ளைகளைப் பார்க்க எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருக்கும்.

தம்பி கணிதப் பிரிவு என்றால் அவன் இலக்கு வைக்க வேண்டிய இடம் பெலிஹுல்ஓயாவில் இருக்கிற சபரகமுவ பல்கலைக்கழகத்தின் ஜியோமெட்டிக்ஸ் பீடம். நில அளவை விஞ்ஞானப் பட்டம், நாலு வருடம். அங்கே நில அளவையும் படிக்கலாம், ஜிஐஎஸ்ஸும், செயற்கைக்கோள் படங்களிலிருந்து தகவல் எடுக்கிற தொலையுணர்வும் படிக்கலாம், எந்தப் பக்கம் போவது என்று உள்ளே போன பிறகு முடிவெடுக்க இடம் இருக்கிறது. நில அளவைத் திணைக்களம் 1800ஆம் ஆண்டு தொடங்கிய பழைய திணைக்களம், அதன் பயிற்சி நிறுவனம் தியத்தலாவையில் இருக்கிறது, அரசாங்க சேவயராக வருகிறவர்கள் அங்கே பயிற்சி எடுப்பார்கள். ஆகவே அவன் இப்போது செய்ய வேண்டியது இணைந்த கணிதத்திலும் பௌதிகவியலிலும் நன்றாகச் செய்து, பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கிற இசட் புள்ளியை ஏற்றுவது மட்டும்தான். ட்ரோன் பிறகு பார்க்கலாம். அதைப் பறக்கவிடவும் சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபையின் விதிகள் இருக்கின்றன. மேலே இருந்து படம் எடுப்பது வேலையில் சின்னப் பகுதி. தரையில் கட்டுப்பாட்டுப் புள்ளிகள் வைத்து அவற்றைச் சரியாக அளந்தால்தான் அந்தப் படத்தை நம்பி ஒரு மதகோ வாய்க்காலோ கட்டலாம், அந்த அளவைதான் உண்மையான வேலை.

இன்னொன்று, துல்லியத்தைப் பற்றிய எண்ணமே இரண்டு தொழிலிலும் வேறு. எங்கள் வேலையில் வேலிக் கல் ஒரு சாண் தள்ளினால் அண்ணனும் தம்பியும் கோட்டுக்குப் போவார்கள். நீங்கள் செய்ய ஆசைப்படுகிற வெள்ள வரைபடத்தில் ஒரு புள்ளிக்குப் பத்து மீட்டர் அகலம் என்றாலும் அது நல்ல தரவு. தம்பிக்கு எந்த வகை வேலையில் மனம் நிற்கும் என்று அவனையே கேளுங்கள். வெயிலில் டோட்டல் ஸ்டேஷன் என்ற அளவைக் கருவியைத் தூக்கிக்கொண்டு வரம்பு வரம்பாக நடக்கவும், காணிக்காரர் இரண்டு பேர் சத்தம் போடும்போது நடுவில் நின்று அளக்கவும் விருப்பம் என்றால் சேவயர் ஆகட்டும். விரும்பிச் செய்கிறவனுக்கு அதைப் போல நல்ல தொழில் இல்லை.

உங்கள் கேள்விக்கு மற்றவர்கள் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள்.


வாவிக்கரை எழுதியது:

நான் கலைப்பிரிவில் புவியியல் படித்து இந்தத் தொழிலுக்கு வந்தவள், மட்டக்களப்பில்தான் வேலை. ஆகவே நேரடியாகச் சொல்கிறேன் தங்கச்சி, அந்த டிப்ளோமாவுக்கு நகையை அடகு வைக்க வேண்டாம். இப்போதைக்கு வேண்டவே வேண்டாம்.

காரணம் சொல்கிறேன். ஆறு மாதக் கோர்ஸ்களில் பெரும்பாலும் நடப்பது மென்பொருளில் எந்தப் பொத்தானை எங்கே அமுக்குவது என்று காட்டுவது. அது பிழை இல்லை, ஆனால் அதை வீட்டிலிருந்தே இலவசமாகப் பழகலாம். கியூஜிஐஎஸ்ஸுக்குக் காசு இல்லை, 2002இல் தொடங்கி உலகம் முழுக்கத் தன்னார்வலர்கள் வளர்த்தெடுத்த மென்பொருள், அதன் இணையத்தளத்திலேயே படிப்படியான பயிற்சிக் கையேடு இருக்கிறது. உங்கள் 4 ஜிபி லப்டொப்பிலும் ஓடும். மற்ற எல்லாவற்றையும் மூடிவைத்து, சின்னப் பிரதேசமாக எடுத்து வேலை செய்யுங்கள், மாவட்டம் முழுவதையும் ஒரே தடவையில் ஏற்ற வேண்டாம்.

பொத்தானுக்குப் பின்னால் இருக்கிறதுதான் படிக்க வேண்டியது. ஒரு உதாரணம் சொன்னால் விளங்கும். ஆள்கூற்று வலை என்றால் ஒவ்வொரு இடத்துக்கும் கிழக்கே, வடக்கே எத்தனை மீட்டர் என்று எண் கொடுக்கிற முறை, இலங்கைக்கு அப்படி இரண்டு தேசிய வலை இருக்கிறது. இரண்டும் பீதுருதாலகால மலையை மையமாக வைத்தவைதான். பழையதில் அந்த மையத்துக்கு 200000, 200000 என்று எண் கொடுத்திருக்கிறார்கள். 1999ஆம் ஆண்டு வந்த எஸ்எல்டி 99 என்ற புதியதில் 500000, 500000. பழைய எண்களில் இருக்கிற ஒரு கோப்பைத் திறந்து அதற்குப் புதிய வலையைச் சொல்லிவிட்டால் மையத்திலிருந்து எல்லாமே மேற்கே 300 கிலோமீட்டர், தெற்கே 300 கிலோமீட்டர் தள்ளிப்போய்விடும், களுவாஞ்சிகுடி இந்து சமுத்திரத்துக்குள் கிடக்கும். இந்த அளவு தள்ளினால் பார்த்தவுடனேயே கண்டுபிடித்துவிடலாம், அதனால் ஆபத்து இல்லை. டேட்டம், அதாவது பூமியின் எந்த மாதிரி வடிவத்தை அடிப்படையாக வைத்து அளந்தது என்பது, மாறாமல் விட்ட கோப்பு சில நூறு மீட்டர் மட்டும் தள்ளி நிற்கும், அது பக்கத்துத் தெருவில் போய் உட்கார்ந்திருக்கும், ஒருவருக்கும் தெரியாது, அதை வைத்தே அறிக்கையும் எழுதி முடித்துவிடுவார்கள். ஒவ்வொரு ஆள்கூற்று முறைக்கும் ஈபிஎஸ்ஜி என்று ஒரு அடையாள எண் இருக்கிறது, கியூஜிஐஎஸ்ஸில் புதியதற்கு ஈபிஎஸ்ஜி 5235, பழையதற்கு 5234, போன் ஜிபிஎஸ் தருவது 4326. இந்த மூன்று எண்ணையும் இன்றைக்கே எழுதி வையுங்கள். ஏன் மூன்று இருக்கிறது என்பதைத் தேடிப் படியுங்கள், கண்டவலை டேட்டம், எவரெஸ்ட் நீள்வட்டம் என்றெல்லாம் வரும், பயப்படாதீர்கள். அது விளங்கினால் பாதித் தூரம் வந்துவிட்டீர்கள்.

அடுத்தது அட்டவணை. வேலைக்கு ஆள் எடுக்கும்போது நாங்கள் கொடுக்கிற சின்னச் சோதனை இதுதான்: கிராம சேவகர் பிரிவு எல்லைகள் ஒரு கோப்பில், சனத்தொகை எக்செலில், இரண்டையும் இணைத்து ஒரு வரைபடம் தாருங்கள். நிறையப் பேர் ஊர்ப் பெயரை வைத்து இணைக்கப் பார்ப்பார்கள். ஒரே ஊரின் பெயரை ஒவ்வொரு அலுவலகத்திலும் ஒவ்வொரு எழுத்துக்கூட்டலில் எழுதியிருப்பார்கள், அரைவாசி இணையாது, வரைபடத்தில் வெள்ளை ஓட்டைகளாக நிற்கும். பிரிவுக் குறியீட்டு எண்ணை வைத்து இணைக்க வேண்டும். அதிலும் எக்செல் முன்னால் இருக்கிற பூச்சியத்தை விழுங்கிவிடும், ஒரு பக்கம் எண்ணாகவும் மறுபக்கம் எழுத்தாகவும் இருந்தால் அப்போதும் இணையாது. இதைக் கண்டுபிடித்துச் சரிசெய்கிற பிள்ளையை உடனே எடுக்க மனம் வரும். டிப்ளோமா இருக்கிறதா என்று அந்த நேரத்தில் ஒருவரும் கேட்பதில்லை.

கம்பஸ் விஷயம். கிடைத்த இடத்தை விட வேண்டாம். கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிற வந்தாறுமூலையில் புவியியலை எடுங்கள், பெறுபேறு வந்தால் நாலு வருட விசேட பட்டத்துக்குப் போங்கள், ஏனென்றால் அரசாங்க வேலைக்கும் பிறகு முதுமாணிக்கும் பட்டம்தான் கதவு. புவிச்சரிதவியல், நீரியல், குடித்தொகை என்று வருகிற பாடங்களை வெறும் சோதனைக்காகப் படிக்காமல் மனம் வைத்துப் படியுங்கள், மென்பொருள் பத்து வருடத்தில் மாறும், தண்ணீர் எப்படி ஓடுகிறது என்பது மாறாது. புள்ளிவிபரம் எந்த வடிவில் கிடைத்தாலும் எடுங்கள். இரண்டாம் வருடத்துக்குள் தரவுத்தளத்துக்கான எஸ்கியூஎல் மொழி கொஞ்சம், நிரல் எழுதுகிற பைதன் மொழி கொஞ்சம். பிறகு பேராதனை, ஸ்ரீ ஜயவர்தனபுர, சபரகமுவ போன்ற இடங்களில் ஜிஐஎஸ், தொலையுணர்வுப் பட்டப்பின் படிப்புகள் இருக்கின்றன, அதை வேலை செய்துகொண்டே செய்கிறவர்கள்தான் அதிகம். இந்தியாவில் டேராடூனில் ஐக்கிய நாடுகள் சபையோடு இணைந்த ஆசிய பசுபிக் விண்வெளிக் கல்வி மையம் 1995இலிருந்து நடக்கிறது, தொழிலில் இருக்கிறவர்களுக்குப் புலமைப்பரிசிலோடு ஒன்பது மாதப் பட்டப்பின் டிப்ளோமா தருகிறார்கள். நகை அடகு வைக்காமல் போகிற வழிகள் இவை. இலவச இணைய வகுப்பு என்றால் நாசாவின் ஆர்செட் பயிற்சிகள், சான்றிதழும் தருவார்கள்.

இன்னும் ஒன்று. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலை அட்டையிலிருந்து அட்டை வரை வாசியுங்கள், தம்பிக்காகவாவது. புதிய பட்டங்கள் சேர்ந்துகொண்டே இருக்கின்றன, டியூஷன் வகுப்பில் சொல்வதை மட்டும் நம்பி இருந்துவிடக் கூடாது.


கல்முனைக் காக்கா எழுதியது:

அஸ்ஸலாமு அலைக்கும், எல்லோருக்கும் வணக்கம். வாவிக்கரைத் தங்கச்சி சொன்னதில் முக்கால்வாசி எனக்கும் சம்மதம், ஒரு இடத்தில் மட்டும் வேறு கருத்து.

நான் கட்டாரில் தண்ணீர்க் குழாய் வலையமைப்பு ஜிஐஎஸ்ஸில் பல வருடம் வேலை செய்துவிட்டு ஊருக்கு வந்தவன். வளைகுடாவில் வேலை தேடுகிறவர் கியூஜிஐஎஸ் மட்டும் தெரியும் என்று போனால் கஷ்டம். அங்கே பெரிய நிறுவனங்களில் எஸ்ரி என்ற நிறுவனத்தின் கட்டண மென்பொருளான ஆர்க்ஜிஐஎஸ்தான், அதிலும் இப்போது ஆர்க்ஜிஐஎஸ் ப்ரோ. அதற்கு முந்திய பழைய ஆர்க்மேப்பின் ஆதரவுக்கு 2026 மார்ச்சோடு முடிவு என்று எஸ்ரி நிறுவனமே அறிவித்தது. ஆகவே ஆர்க்மேப்பை வைத்துப் படிப்பிக்கிற கோர்ஸுக்குக் காசு கட்டாதீர்கள், கேட்டுப்பாருங்கள், இன்னும் அதிலேயே படிப்பிக்கிற இடங்கள் இருக்கின்றன. எஸ்ரி நடத்துகிற இலவச இணைய வகுப்புகள் சிலதில் வகுப்பு நடக்கும் காலத்துக்கு மென்பொருளையும் பாவிக்கத் தருவார்கள், அதைத் தவறவிடாதீர்கள்.

வேலை எப்படி இருக்கும் என்று சொல்கிறேன், ஏனென்றால் விளம்பரங்களில் எல்லாம் செயற்கைக்கோள் படம்தான் காட்டுவார்கள். எங்கள் வேலையில் செயற்கைக்கோள் கிடையாது. ஒரு குழாய், அதில் ஒரு வால்வு, அதற்கு என்ன விட்டம், எந்த ஆண்டு புதைத்தது, எந்தப் பொருள். திரையில் பார்க்கும்போது குழாயின் நுனி வால்வைத் தொடுவது போலவே இருக்கும், பெரிதாக்கிப் பார்த்தால் அரை மீட்டர் இடைவெளி. அந்த இடைவெளி இருந்தால் கணினிக்கு அந்த வால்வு வலையமைப்பிலேயே இல்லை. குழாய் வெடித்த நேரம் எந்த வால்வை மூடினால் தண்ணீர் நிற்கும் என்று கேட்டால் பிழையான பதில் தரும், தெருவில் வேலைக்காரர் பிழையான மூடியைத் திறந்துகொண்டு நிற்பார்கள். இந்த மாதிரி ஒவ்வொரு இணைப்பாகப் பொறுமையாகத் திருத்துவதுதான் ஆரம்பத்தில் தருகிற வேலை, மாதக்கணக்காக. பிடிக்குமா என்று யோசியுங்கள். எனக்குப் பிடித்திருந்தது, ஒரு நகரத்துக்கே தண்ணீர் ஓடுகிற வழி முழுக்க என் திரையில் தெரியும்.

நான் மாறுபடுகிற இடம் இதுதான். காசு கொடுத்துப் படிப்பது எல்லோருக்கும் வீண் என்று சொல்ல மாட்டேன். பட்டம் முடித்து, வேலையில் இருந்துகொண்டு, ஆர்க்ஜிஐஎஸ்ஸில் ஒரு குறிப்பிட்ட விஷயம் கெதியாகப் பழக வேண்டும் என்கிறவருக்கு நல்ல பயிற்சி பிரயோசனம். பணம் கட்ட முதல் போய்க் கேட்க வேண்டியதைக் கேளுங்கள்: எந்த மென்பொருள், எந்தப் பதிப்பு, படிப்பிக்கிறவர் இப்போது எங்கே வேலை செய்கிறார், போன முறை படித்த பிள்ளைகள் மூன்று பேரின் போன் நம்பர் தர முடியுமா, வேலை நிச்சயம் என்றால் அதை எழுத்தில் தருவார்களா, சான்றிதழ் என்விகியூ என்ற தேசிய தொழிற்தகைமை மட்டத்தில் பதிந்ததா. எழுத்தில் தர மறுத்தால் எழும்பி வந்துவிடுங்கள். ஆனால் உங்களைப் போல கம்பஸ் தொடங்க முதல் நகை அடகு வைத்துச் சேர்வது, அதற்கு நானும் இல்லை என்றுதான் சொல்வேன், தங்கச்சி.

ஆங்கிலத்தை விடாதீர்கள். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் வேலையில் கெட்டிக்காரர்கள், நேர்முகத்தில் இரண்டு வசனம் சொல்ல முடியாமல் திரும்பி வந்ததைப் பார்த்திருக்கிறேன்.


களுவாஞ்சிகுடிப் பிள்ளை எழுதியது:

எல்லோருக்கும் மிகவும் நன்றி. காக்கா சொன்ன கேள்விகளை அந்த இடத்துக்குப் போன் எடுத்துக் கேட்டேன். வேலை நிச்சயம் என்பதை எழுத்தில் தர முடியாது என்றார்கள். அப்பாவிடம் சொல்லிவிட்டேன், நகை பெட்டியில்தான் இருக்கும்.

தம்பிக்கு அண்ணன் எழுதியதை அப்படியே வாசித்துக் காட்டினேன், பெலிஹுல்ஓயா எங்கே இருக்கிறது என்று உடனே தேட ஆரம்பித்துவிட்டான்.

கியூஜிஐஎஸ் இறக்கிவிட்டேன். கம்பஸ் தொடங்க முதல் சொந்தமாக ஒரு வெள்ள வரைபடம் செய்து பார்க்க ஆசை. இணையத்தில் எஸ்ஆர்டிஎம் என்ற உயரத் தரவு இலவசமாகக் கிடைத்தது. ஒரு காணொளியைப் பார்த்து, 5 மீட்டருக்குக் கீழே இருக்கிற இடமெல்லாம் நீலம் என்று போட்டேன். படம் அழகாக வந்தது, ஆனால் எங்கள் ஊரில் ஒருநாளும் வெள்ளம் ஏறாத பிள்ளையார் கோயிலடி நீலமாக இருக்கிறது, ஒவ்வொரு வருடமும் மூழ்குகிற இடம் ஒன்று நீலம் இல்லாமல் நிற்கிறது. எங்கே பிழை?


வந்தாறுமூலை மூன்றாம் வருடம் எழுதியது:

அக்காவோ தங்கச்சியோ தெரியவில்லை, எப்படியும் கம்பஸில் சந்திப்போம். இந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன், இப்போது இதைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் செய்முறையில் பிழை இல்லை. தரவு அந்த வேலைக்குப் பொருந்தாது. எஸ்ஆர்டிஎம் 2000ஆம் ஆண்டு பெப்ரவரியில் விண்வெளி ஓடத்தில் இருந்து ராடாரால் அளந்தது, ஒரு கட்டம் கிட்டத்தட்ட 30 மீட்டர். உயரத்தில் சில மீட்டர் பிழை சாதாரணம். அதோடு அது தரையை மட்டும் அளக்கவில்லை, தென்னந்தோப்பின் உச்சியும் வீட்டுக் கூரையும் சேர்ந்து வரும். மலைநாட்டில் இது பெரிய விஷயம் இல்லை. எழுவான்கரையில் கடலுக்கும் வாவிக்கும் இடையில் ஊரே சில மீட்டர் உயரத்துக்குள் படுத்திருக்கிறது, பிழையின் அளவும் நிலத்தின் மேடு பள்ளமும் ஒரே அளவு. மூழ்குகிற அந்த இடத்தில் தென்னை அடர்த்தியாக இருக்கிறதா என்று பாருங்கள், அநேகமாக அதுதான் காரணம்.

வெள்ளம் உண்மையில் எங்கே நின்றது என்று பார்க்க சென்டினல் 1 எடுங்கள், ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின் ராடார் செயற்கைக்கோள், 2014இலிருந்து படம் இலவசம். எங்களுக்கு வெள்ளம் வருவது வடகீழ்ப் பருவமழையில், வானம் முழுக்க முகில், சாதாரணப் படத்தில் வெள்ளை மட்டும்தான் தெரியும். ராடாருக்கு முகில் தடை இல்லை. தண்ணீரின் மேற்பரப்பு வழவழப்பானது, அலையைத் திருப்பி அனுப்பாமல் வேறு பக்கம் தள்ளிவிடும், அதனால் படத்தில் கறுப்பாகத் தெரியும். கறுப்பைப் பிரித்தெடுத்தால் தண்ணீர்.

ஆனால் ஒரு பெரிய பொறி இருக்கிறது, கொழும்பிலோ வெளிநாட்டிலோ இருந்து எங்கள் மாவட்டத்துக்கு வரைபடம் செய்கிறவர்கள் இதில்தான் விழுகிறார்கள். வெள்ளம் வருகிற அதே காலத்தில்தான் பெரும்போக வேளாண்மை. விதைத்து வரம்பு கட்டித் தண்ணீர் நிற்கிற வயலும் ராடாரில் கறுப்புத்தான். அதையும் வெள்ளம் என்று எண்ணிவிட்டால் படுவான்கரை முழுக்க மூழ்கியதாக அறிக்கை வரும். ஆகவே வெள்ளத்துக்குச் சற்று முன்னால், அதே போகத்தில், எடுத்த படத்தோடு ஒப்பிட்டு, புதிதாகக் கறுத்த இடத்தை மட்டும் எடுக்க வேண்டும். கோடையில் எடுத்த படத்தோடு ஒப்பிட்டால் பிழைக்கும். வாவியையும் குளங்களையும் முதலே கழித்துவிடுங்கள். அதோடு, ஒரு செயற்கைக்கோள் ஒரே பாதையில் திரும்பி வர 12 நாள் எடுக்கும், வெள்ளம் உச்சத்தில் இருந்த நாளைத் தவறவிட்டிருக்கலாம். படம் எடுத்த திகதியை வரைபடத்திலேயே எழுதுங்கள்.


வாவிக்கரை எழுதியது:

வந்தாறுமூலைத் தம்பி அருமையாகச் சொல்லியிருக்கிறார். அந்த வயல் விஷயத்தை ஊரில் வளர்ந்தவர்தான் உடனே கண்டுபிடிப்பார். தங்கச்சி, கலைப்பிரிவு என்று உங்களுக்குள் ஒரு குறைவான எண்ணம் இருப்பது போல எழுதியிருந்தீர்கள், அதனால் சொல்கிறேன்: பிள்ளையார் கோயிலடி நீலமாக இருக்கக் கூடாது என்று பார்த்தவுடனே சொன்னீர்களே, அந்தச் சோதனையை நிறையப் பேர் செய்வதே இல்லை.

உங்கள் முதல் வேலையை இப்படி அமையுங்கள். ராடார் படத்தில் வந்த தண்ணீர் எல்லை ஒரு லேயர். அதற்கு மேல், நீங்கள் முதலில் எழுதினீர்களே, வயதானவர்கள் சொல்வது, அதைப் புள்ளிகளாகச் சேருங்கள். போனில் கியூஜிஐஎஸ்ஸோடு சேர்ந்து ஓடுகிற கியூஃபீல்ட் செயலியைப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போய், சுவரில் தண்ணீர் எந்த உயரத்துக்கு வந்தது என்று கேட்டு, தரையிலிருந்து நாடாவால் அளந்து, எந்த வருட வெள்ளம் என்பதையும் எழுதுங்கள். 2011 ஜனவரி வெள்ளம் எல்லோருக்கும் நினைவிருக்கும். வாவித் தண்ணீர் கடலுக்கு ஓட முகத்துவாரம் வெட்டினார்களா, எப்போது வெட்டினார்கள், அதற்குப் பிறகு எத்தனை நாளில் வடிந்தது என்றும் கேளுங்கள். ஒருவரின் பெயரையும் வரைபடத்தில் போடாதீர்கள். இரண்டு லேயரும் ஒத்துப்போகாத இடங்களை வட்டமிட்டு, ஏன் என்று இரண்டு பக்கம் எழுதினால் அதுவே நாலாம் வருட ஆய்வுக்கு விதை, நேர்முகத்திலும் காட்டலாம்.

எல்லைக் கோப்பு வேண்டுமென்றால் மனிதாபிமானத் தரவுப் பரிமாற்றத் தளமான எச்டிஎக்ஸில் இலங்கையின் கிராம சேவகர் பிரிவு வரை கிடைக்கும். கட்டடங்களும் பாதைகளும், எல்லோரும் சேர்ந்து வரைகிற இலவச வரைபடமான ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் எடுங்கள். மட்டக்களப்பு நகரம் அதில் நன்றாக வரையப்பட்டிருக்கிறது, ஓபன் சிட்டீஸ் என்ற வரைபடத் திட்டத்தில் மண்முனை வடக்குப் பிரதேச செயலகப் பிரிவில் மட்டும் 30,000 அளவில் கட்டடங்களைச் சேர்த்தார்கள். உங்கள் பக்கம் அவ்வளவு நிறைவாக இல்லை என்றால் நீங்களே வரைந்து சேர்க்கலாம், செய்த திருத்தமெல்லாம் உங்கள் கணக்கில் திகதியோடு நிற்கும், அதையும் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.

வேலையைப் பற்றி உள்ளதைச் சொல்ல வேண்டும். மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் ஜிஐஎஸ் என்று பெயர் போட்ட வெற்றிடம் குறைவு. நீர்ப்பாசனம், நீர் வழங்கல் சபை, நகர அபிவிருத்தி அதிகார சபை, காணிப் பயன்பாட்டுக் கொள்கைத் திட்டமிடல் திணைக்களம், அனர்த்த முகாமைத்துவ நிலையம் இவைகளுக்கெல்லாம் வரைபடம் தேவை, ஆனால் அரசாங்க ஆட்சேர்ப்பு எப்போது வரும் என்று காத்திருக்க வேண்டியதுதான். தொண்டு நிறுவன வேலை திட்டத்தோடு வந்து திட்டத்தோடு முடியும், ஒரு வருட ஒப்பந்தம், இரண்டு வருட ஒப்பந்தம். நானும் அப்படித்தான் ஒவ்வொன்றாக மாறி வந்தேன். அதனால்தான் தரவுத்தளமும் பைதனும் சொன்னேன், அது இருந்தால் வீட்டிலிருந்தே வெளியூர் வேலை எடுக்கலாம், திட்டம் முடிந்தாலும் கை சும்மா இருக்காது. எங்கள் பக்கத்தில் பெண் பிள்ளைகளைக் கொழும்புக்கு அனுப்பத் தயங்குகிற வீடுகளுக்கும் இது ஒரு வழி.

முதல் வரைபடத்தை இங்கேயே போடுங்கள், கீழே ஆள்கூற்று வலை எது, படம் எடுத்த திகதி எது, புள்ளிகளைச் சேர்த்த மாதம் எது என்று மறக்காமல் எழுதுங்கள். பார்த்துச் சொல்கிறேன்.


சங்கிலியும் மட்டமும் எழுதியது:

தண்ணீர் மட்டம் அளக்கும்போது ஒரு சின்ன விஷயம் தங்கச்சி. தரையிலிருந்து எத்தனை அடி என்பது வீட்டுக்கு வீடு மாறும், ஒருவர் அத்திவாரம் உயர்த்திக் கட்டியிருப்பார், ஒருவர் கட்டியிருக்க மாட்டார். வீட்டு விறாந்தையிலிருந்து அளக்காமல் வெளியே பாதையின் மட்டத்திலிருந்து அளந்து எழுதுங்கள். பிறகு ஒருநாள் உங்கள் தம்பி மட்டக் கருவியோடு வந்து அந்தப் பாதையின் உயரத்தை எடுத்தால் உங்கள் புள்ளிகள் எல்லாவற்றையும் கடல் மட்டத்தோடு சேர்த்துவிடலாம்.